பட்டமும் பந்தும்

கொல்ப் ஆட்டத்தைப் பற்றி நான் எழுதப் புகுந்திருக்கிறேன் என்று கேட்டால் என்னை அறிந்தவர்கள் சிரிப்பார்கள். அந்தக் கோலை நான் ஒருநாளும் கையால் தொட்டதில்லை. நுவரெலியாவில் ஆசிரியத் தொழில் பார்த்த காலத்தில், பட்டணத்தின் நடுவே பச்சைக் கம்பளம் விரித்தாற்போலக் கிடக்கும் திடலின் ஓரமாக நாள்தோறும் நடந்து போயிருக்கிறேன். வெள்ளைக்காரர் 1889 ஆம் ஆண்டு தொடக்கிய கழகத்தின் திடல் அது. மூடுபனிக்குள் ஒருவர் கோலை ஓங்குவதும், பின்னர் பந்தைத் தேடிக்கொண்டு நாலைந்து பேர் புதர்களுக்குள் குனிவதும் தெரியும். துரைமார் தங்கள் ஓய்வைச் செலவிடும் வழிகளில் ஒன்று என்பதற்கு மேல் அதில் எனக்கு எதுவும் தோன்றியதில்லை.

ஆயினும் சில ஆண்டுகளாகப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டும்போது நான் முதலில் தேடும் பெயர் ஒரு கொல்ப் வீராங்கனையின் பெயராக இருந்துவருகின்றது. பிரான்ஸ் தேசத்துப் பெண். செலின் பூத்தியே என்று பெயர். என் தம்பியின் வீட்டில் நடந்த ஒரு வழக்கில் அவரைச் சாட்சியாக அழைக்க வேண்டிய அவசியம் எனக்கு நேர்ந்தது. வழக்கைப் பின்னர் சொல்கிறேன். முதலிற் சாட்சியை அறிமுகம் செய்வதே முறை.

ஆட்டத்தை அறியாத வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை. பதினெட்டுக் குழிகள். ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடியில் பந்தைச் சேர்ப்பிக்கலாம் என்று ஒரு கணக்கு உண்டு. மொத்தத்தில் மிகக் குறைந்த அடிகளில் முடித்தவரே வென்றவர். பெரிய போட்டிகள் மூன்று நாளோ நான்கு நாளோ நீளும். கிரிக்கெட்டிலே பந்து வீசுபவன் ஒருவன் நம்மை ஏமாற்றுகிறான்; வலைப்பந்திலே எதிர்க்கட்சிப் பிள்ளை நம் கையிலிருப்பதைப் பறிக்கப் பார்க்கிறாள். கொல்ப்பில் அப்படி யாரும் குறுக்கே வருவதில்லை. பந்து அசையாமற் கிடக்கின்றது. கெட்டால் தன் கையாலேயே கெட்டது என்பதை ஒத்துக்கொண்டு அடுத்த அடிக்கு நடக்க வேண்டும். ஓட்டமும் பாய்ச்சலும் இல்லாத இந்த ஆட்டத்தில் மனிதர் அழுது விடுகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இதுதான் என்று எண்ணுகிறேன்.

பிரான்ஸ் தேசத்துக்கும் இந்த ஆட்டத்துக்கும் உள்ள உறவு சற்று விசித்திரமானது. பிரித்தானியாவுக்கு வெளியே ஐரோப்பியப் பெருநிலத்தில் முதன்முதலாகக் கொல்ப் கழகம் அமைந்தது பிரான்சிலேதான்; பிரனீஸ் மலையடிவாரத்துப் போ என்னும் ஊரில், 1856 ஆம் ஆண்டில். அமைத்தவர்கள் அங்கே குளிர்காலத்தைக் கழிக்கப் போன பிரித்தானியர்கள். அதற்கு அரை நூற்றாண்டின் பின், பியாரிற்ஸ் நகரத்துத் திடலில் பிறருடைய கோற்பைகளைச் சுமந்து ஆட்டம் பழகிய ஆர்னோ மசி என்ற இளைஞர், 1907 இல் இங்கிலாந்தின் ஹொய்லேக்கில் நடந்த பகிரங்கப் போட்டியை வென்று வந்தார். அந்த மகிழ்ச்சியில் தமக்குப் பிறந்த பெண்ணுக்கு ஹொய்லேக் என்றே பெயர் சூட்டினாராம். இன்றுவரை அந்தப் போட்டியை வென்ற பிரெஞ்சுக்காரர் அவர் ஒருவரே.

பெண்கள் பக்கத்திலோ கதை ஒரு செல்வக் குடும்பத்தின் வரவேற்பறையில் தொடங்குகின்றது. முதலை படம் பொறித்த சட்டைகளை நம்மவரும் அறிவார்கள். அவற்றுக்குத் தம் பெயரைக் கொடுத்த ரெனே லக்கோஸ்த் டென்னிஸ் உலகை ஆண்டவர். அவருடைய மனைவி சிமோன் 1927 இல் பிரித்தானிய மகளிர் அமெச்சூர் பட்டத்தை வட அயர்லாந்தில் வென்றவர். அவர்களுடைய மகள் கத்தரின் 1967 ஆம் ஆண்டு, இருபத்திரண்டு வயது நிரம்பிய சில நாட்களுக்குள், அமெரிக்க மகளிர் பகிரங்கப் போட்டியில் தொழில்முறை வீராங்கனைகள் அனைவரையும் பின்தள்ளி வென்றார். அமெச்சூராக அந்தப் பட்டத்தைப் பெற்றவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இரண்டு ஆண்டு கழித்துத் தாயார் வென்ற அதே அமெச்சூர் பட்டத்தையும், அதே வட அயர்லாந்திலேயே பெற்றார். தொழில்முறைக்கு அவர் போகவேயில்லை. போக வேண்டிய தேவையும் இல்லை. விளையாட்டினாற் சோறு தேட வேண்டாத வீட்டிற் பிறந்தவர்.

செலின் பூத்தியே பிறந்த வீடு வேறு. தாய்லாந்திலிருந்து பிரான்சுக்குக் குடிபெயர்ந்து வந்த பெற்றோருக்கு, பாரிஸ் நகரின் புறத்தேயுள்ள கிளமார் என்னும் இடத்தில், 1993 ஆம் ஆண்டு நவம்பர் 10 ஆந் தேதி இரட்டைப் பெண் குழந்தைகளுள் ஒருவராகப் பிறந்தார். பிறநாட்டிலே போய்க் குடியேறிய பெற்றோரின் மனத்தை நம் குடும்பங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிஸிலுமே நமக்கு உறவினர் இருக்கிறார்கள். நாங்கள் பட்ட பாட்டை நீங்கள் படவேண்டாம், படியுங்கள் என்பதுதான் அந்த வீடுகளில் நாள்தோறும் ஓதப்படும் மந்திரம். செலினின் பெற்றோர் என்ன சொல்லி வளர்த்தார்கள் என்பதை நான் கேட்டறிந்தவனல்லன். மகள் நடந்த வழியை மாத்திரம் பார்த்தவன்.

பிரான்சின் இளையோர் அணிகளிற் பேரெடுத்த அந்தப் பெண், 2012 ஆம் ஆண்டு, கடல் கடந்து அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலுள்ள டேர்ஹம் நகருக்குச் சென்றார். டியூக் சர்வகலாசாலை இருப்பது அங்கே.

அமெரிக்கரின் இந்த ஏற்பாட்டைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். நம் நாட்டில் அரசாங்கச் சர்வகலாசாலையில் இடம் கிடைத்துவிட்டால் கட்டணக் கவலை இல்லை. அங்கே டியூக் போன்ற தனியார் சர்வகலாசாலையில் ஒரு பிள்ளையைப் படிப்பிக்கும் செலவு, சாதாரணக் குடும்பமொன்றின் ஓராண்டு வருமானத்தை அப்படியே விழுங்கிவிடும். ஆனால் விளையாட்டில் வல்ல பிள்ளைகளுக்கென்று சர்வகலாசாலைகளே புலமைப்பரிசில் வழங்குகின்றன. முன்னாளில் அவை பெரும்பாலும் ஆண்களுக்கே போயின. 1972 ஆம் ஆண்டு அமெரிக்கப் பாராளுமன்றம் நிறைவேற்றிய கல்விச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு, அரசின் பணம் பெறும் எந்தக் கல்வி நிலையமும் பெண் என்ற காரணத்தால் ஒருவரை ஒதுக்கலாகாது என்று விதித்தது. அதன் பின்னரே மகளிர் அணிகளுக்கும் பணமும் திடலும் பயிற்றுநரும் கிடைத்தன. சட்டத்தை எழுதியவர்கள் கொல்ப்பை நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். ஆயினும் உலகின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் பெண்கள் கோலைத் தூக்கிக்கொண்டு அமெரிக்காவுக்குப் படிக்கப் போவதற்கு அந்த ஒரு பிரிவும் ஒரு காரணம்.

போய்விட்டாற் போதாது. பாடங்களிற் குறிப்பிட்ட தரத்தைக் காக்காத மாணவர் அணியிற் சேர முடியாது. பருவகாலத்தில் வாரத்துக்கு இருபது மணித்தியாலத்துக்கு மேல் பயிற்றுநர் ஒரு மாணவரைப் பயிற்சியில் ஈடுபடுத்தலாகாது என்றும் விதியுண்டு. அதற்கு மேல் பயில விரும்பினால் அவரவர் தூக்கத்தைக் கொடுத்துப் பயில வேண்டியதுதான்.

கல்லூரி கொல்ப்பில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. ஓர் அணிக்கு ஐந்து பேர் ஆடுவார்கள். அன்றைய கணக்கிற் சேர்வது சிறந்த நால்வரின் எண்ணிக்கை மாத்திரமே. ஐந்தாமவரின் ஆட்டம் ஒதுக்கப்படும். அந்த ஐந்தாமவர் இன்று நானாயிருப்பேன், நாளை நீயாயிருப்பாய். இயல்பிலே தனிமனித ஆட்டமான இதைப் படிக்கும் காலத்தில் மாத்திரம் கூட்டு ஆட்டமாக்கி வைத்திருக்கிறார்கள். என் கெட்ட நாளை என் தோழி சுமப்பாள். அவளுடைய கெட்ட நாளை நான் சுமக்க வேண்டும். இருபது வயதிலே இது ஒரு பெரிய கல்வி அல்லவா?

2014 ஆம் ஆண்டு ஒக்லஹோமா மாநிலத்துத் துல்சா நகரில் நடந்த தேசியப் போட்டியில் டியூக் மகளிர் வெற்றி பெற்றனர். நான்கு நாள், நாளொன்றுக்கு நால்வரின் கணக்கு, கூட்டிப் பார்த்தால் ஆயிரத்துக்கு மேற்பட்ட அடிகள். இரண்டாவதாக வந்த அணிக்கும் இவர்களுக்கும் இருந்த வித்தியாசம் இரண்டே இரண்டு அடி. 1984 முதல் அந்த அணியை வழிநடத்திவந்த டான் புரூக்ஸ் என்ற பயிற்றுநருக்கு அது ஆறாவது தேசியப் பட்டம். செலின் அப்பொழுது இரண்டாம் வருட மாணவி. அவ்வாண்டின் சிறந்த கல்லூரி வீராங்கனை என்றும் பயிற்றுநர் சங்கத்தார் அவரையே தெரிவு செய்தார்கள்.

இவ்விடத்திலேதான் பெரும்பாலோருடைய கதை வேறு பாதையிற் திரும்பும். கல்லூரியிற் சேர்ந்து ஒன்றிரண்டு வருடத்துக்குள், கை நன்றாக ஓடும்போதே, பட்டத்தை எறிந்துவிட்டுத் தொழில்முறைக்குப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. விளையாட்டு வீரரின் வாழ்நாள் குறுகியது. அமெச்சூராய் இருக்கும்வரை பரிசுப் பணத்தில் ஒரு சதமும் தொடலாகாது என்பது அந்நாளைய விதி. இருபது வயதில் நாட்டிலேயே சிறந்தவள் என்று பேரெடுத்த பெண்ணுக்கு அந்த ஆசை எழுந்திருந்தால் அது இயல்பே. செலினோ நின்றார். மேலும் இரண்டு வருடம் வகுப்புக்குப் போனார், பரீட்சை எழுதினார். 2015 கோடையில் பிரித்தானிய மகளிர் அமெச்சூர் பட்டத்தை வென்றார். போட்டி நடந்த இடம் போர்ட்ஸ்ரூவட். அதுவும் வட அயர்லாந்திலேயே இருக்கின்றது. சிமோன், கத்தரின், செலின் என்று மூன்று பிரெஞ்சுப் பெண்களுக்கு அந்த ஒரே மண் கைகொடுத்திருப்பதைக் காணும்போது, நம் ஊர்ப் பெரியவர்கள் ராசியான நிலம் என்பார்களே, அதுதான் நினைவுக்கு வருகின்றது.

2016 ஆம் ஆண்டு உளவியலிற் பட்டம் பெற்றார். அதன் பின்பே தொழில்முறைக்கு மாறினார்.

இனி வழக்கு. என் தம்பிக்கு மூத்தது பெண். பள்ளிக்கூட வலைப்பந்து அணியில் இலக்குக்கு எறிபவள். நெடிய பிள்ளை, நிதானமான கை. உயர்தர வகுப்புக்கு வந்ததும் தம்பி அவளுடைய சப்பாத்தை எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டான். பிள்ளை மூன்று நாள் யாருடனும் பேசவில்லை. தாயார் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"அண்ணை, பந்து எறிஞ்சு ஆர் சோறு கண்டது? சோதினை முடியட்டும், பிறகு பாப்பம்" என்றான் தம்பி.

"பிறகு எண்டால் கை இருக்குமோ, அப்பா?" என்றாள் பிள்ளை.

இருவர் சொல்லிலும் நியாயம் இருந்தது. அதுதான் சங்கடம். தம்பி கல்நெஞ்சன் அல்லன். உயர்தரப் பரீட்சை என்பது நம் பிள்ளைகளுக்கு ஒரு முறை திறந்து மூடும் கதவு என்பதை அவன் அறிவான். தன் வாழ்க்கையில் அந்தக் கதவு அரைப்புள்ளி வித்தியாசத்தில் மூடியதையும் அவன் மறக்கவில்லை. பிள்ளையோ, தான் நன்றாகச் செய்யக்கூடிய ஒரே காரியத்தைக் களவு போல ஒளித்துச் செய்ய வேண்டியிருக்கிறதே என்று குமைந்தாள். நான் அவ்வேளையிற் செலின் பூத்தியேயின் கதையைச் சொன்னேன். தேசிய வெற்றி பெற்ற அணியில் இருந்துகொண்டே அந்தப் பெண் தன் பட்டத்தையும் முடித்தாள், இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடவில்லை என்று எடுத்துக் காட்டினேன்.

தம்பி பொறுமையாகக் கேட்டான். "அது அமெரிக்கா. அங்கை விளையாடினால் படிப்பிக்கிறாங்கள். இங்கை ஆர் அண்ணை அப்பிடிச் செய்யிறது?" என்றான். அதற்கு நான் மறுமொழி சொல்லவில்லை. உள்ளதைத்தானே சொன்னான்.

ஆனால் படித்து முடித்ததும் எல்லாம் தானே வந்து மடியில் விழுந்ததாக யாரும் நினைத்துவிடக்கூடாது. இந்தப் பகுதியையே பத்திரிகைகள் விரைவாகத் தாண்டிவிடுகின்றன. அமெரிக்க மகளிர் தொழில்முறைச் சுற்று, பதின்மூன்று பெண்கள் கூடி 1950 ஆம் ஆண்டு நிறுவிய சங்கத்தினுடையது, எல்.பி.ஜி.ஏ. என்று சுருக்கமாக வழங்குவார்கள். அதற்குக் கீழே ஓர் இரண்டாம் சுற்று உண்டு. 2017 இல் அதற்குச் சிமெட்ரா சுற்று என்று பெயர். 2022 முதல் எப்சன் சுற்று என்பர். நாட்டிலேயே சிறந்த கல்லூரி வீராங்கனை என்று பேரெடுத்தவர் அந்தக் கீழ்ச் சுற்றிலேதான் 2017 ஆம் ஆண்டு முழுவதையும் கழித்தார்.

கீழ்ச் சுற்றின் வாழ்க்கை எப்படிப்பட்டது? சிறு பட்டணங்கள். பார்வையாளர் சிலர். வீராங்கனைகள் பலர் தாமே மோட்டார் வண்டியை ஓட்டிக்கொண்டு ஊரூராய்ப் போவார்கள். விடுதிச் செலவை மிச்சம் பிடிக்க உள்ளூர்க் குடும்பங்களின் வீட்டிலே தங்குவார்கள். போட்டியின் முதற்பகுதி முடிந்ததும் பின்தங்கியவர்கள் மூட்டை கட்ட வேண்டும். அவர்களுக்குக் கூலி ஒன்றும் இல்லை, வந்த செலவு அவர்களுடையது. கல்லூரியிலே ஐந்தாமவராய் இருந்த நாளைத் தோழிகள் சுமந்தார்கள்; இங்கே சுமக்க யாரும் இல்லை. 2017 இல் வருட முடிவிலே பணப்பட்டியலின் முதற் பத்துப் பேருக்கு மாத்திரம் மேற்சுற்றிலே இடம் கிடைத்தது. செலின் அவ்வாண்டு இரண்டு போட்டிகளை வென்று, அந்தப் பத்துப் பேருள் ஒருவராக 2018 இல் மேலே போனார்.

இந்த ஒரு வருடமே அவருடைய கதையில் என் மனத்தில் மிகவும் தங்கிய பாகம். படித்த பிள்ளைக்கு உரிய கௌரவம் பற்றி நமக்கு ஒரு எண்ணம் உண்டு. பட்டம் பெற்றவன் சிறு உத்தியோகத்துக்குப் போவதை இழுக்கென்று கருதி, பெரியது வரும்வரை திண்ணையிற் குந்தியிருப்பதை நம் ஊர்களில் எத்தனை கண்டிருக்கிறோம்! டியூக் பட்டதாரி, பிரித்தானிய அமெச்சூர் வீராங்கனை, பயிற்றுநர் சங்கத்தின் தெரிவு என்ற மூன்று விருதுகளையும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுச் சிற்றூர்த் திடலில் விடிகாலையிற் பந்தடிக்கப் போன பெண்ணை நினைக்கும்போது எனக்கு மதிப்பு உண்டாகின்றது.

மேற்சுற்றில் அவர் ஏறிய படிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2019 பெப்ரவரியில் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலே முதல் எல்.பி.ஜி.ஏ. வெற்றி. ஆண்களும் பெண்களும் ஒரே திடலில், ஒரே நாட்களில், ஒரே அளவான பரிசுப் பணத்துக்காக ஆடிய போட்டி அது. அந்தக் காரணத்துக்காகவே எனக்கு அதன்மேல் ஒரு பிரியம். அவ்வாண்டு செப்தெம்பரில் ஸ்கொட்லாந்தின் கிளெனீகிள்சில் ஐரோப்பிய மகளிரும் அமெரிக்க மகளிரும் மோதிய சொல்ஹைம் கிண்ணத்தில் புதுமுகமாக இறங்கி, ஆடிய நான்கு ஆட்டங்களையும் வென்றார். ஐரோப்பா பதினாலரைக்குப் பதின்மூன்றரை என்ற கணக்கிலே கிண்ணத்தைப் பெற்றது. அணிக்காக ஆடும்போது இவருக்குக் கை இன்னும் நன்றாக ஓடுகின்றதே என்று அன்று வியந்தவர்களுக்கு டியூக்கின் ஐந்து பேர்க் கணக்குத் தெரிந்திராது. 2021 இல் நியூ ஜேர்சியில் இறுதி நாள் அறுபத்து மூன்று அடிகளில் முடித்து இன்னொரு வெற்றி.

ஆனால் ஒரு முள் இருந்தது. பிரான்சின் கிழக்கெல்லையில், ஜெனீவா ஏரியின் தென்கரையில் எவியான் என்னும் சிறுநகர் உண்டு. போத்தலில் விற்கும் தண்ணீரால் உலகுக்குத் தெரிந்த ஊர். ஏரிக்கு அக்கரை சுவிற்சர்லாந்து. மலைச்சரிவிலே வெட்டிய அந்தத் திடலில் 1994 முதல் ஒரு மகளிர் போட்டி நடந்துவருகின்றது. 2013 முதல் அது ஐந்து பெரும் போட்டிகளுள் ஒன்று. செலின் சிறுவயது முதல் வெல்ல வேண்டுமென்று கனவு கண்ட போட்டி அதுவே. அங்கேதான் அவரால் சோபிக்க முடியவில்லை. தன் மக்கள், தன் மொழி, தன் கொடி. எல்லாரும் அன்போடு பார்த்துக்கொண்டிருக்கும்போது கை நடுங்கிவிடும். பள்ளிக்கூட மேடையிலே தாய் தகப்பனைக் கண்டதும் பாட்டை மறந்துவிடும் குழந்தைகளை நாம் அறிவோம். பிரெஞ்சு ரசிகர்களுக்கும் ஒரு பழைய காயம் உண்டு. 1999 இல் கார்னூஸ்ரியில் நடந்த ஆண்களின் பகிரங்கப் போட்டியில் ஜான் வான் டி வெல்ட் மூன்றடி முன்னணியோடு கடைசிக் குழிக்கு வந்தார். ஆறடியில் முடித்தாலே பட்டம். ஓடைத் தண்ணீருக்குள் காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கி நின்ற அவர் ஏழடி எடுத்து, மேலதிக ஆட்டத்திலே தோற்றார்.

2023 யூலையில் செலின் எவியானுக்கு மறுபடி வந்தபோது அவருக்கு இருபத்தொன்பது வயது. அறுபத்தாறு, அறுபத்தொன்பது, அறுபத்தேழு. மூன்று நாள் முடிவில் மூன்றடி முன்னணி. கடைசி நாள் ஏரிக்கரை மக்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள். அன்று அவர் அறுபத்தெட்டில் முடித்தார். முந்திய வருடம் அந்தப் பட்டத்தை வென்ற கனடாவின் புரூக் ஹென்டர்சன் இரண்டாவதாக வந்தார், இடைவெளி ஆறடி. அந்தப் போட்டியின் வரலாற்றில் வென்ற முதற் பிரெஞ்சுப் பெண் அவர். பெரும் போட்டியொன்றை வென்ற மூன்றாவது பிரெஞ்சுப் பெண்ணும் அவரே: 1967 இல் கத்தரின் லக்கோஸ்த், 2003 இல் பத்திரிசியா மெனியே லெபூக், 2023 இல் இவர். பரிசு பத்து இலட்சம் டொலர். அடுத்த வாரமே ஸ்கொட்லாந்துக்குப் போய் அங்கும் வென்றார்.

அவ்வாண்டு ஒக்தோபர் இறுதியில் கோலாலம்பூரில் நடந்ததை விரிவாகச் சொல்ல ஆசை. செலினும் தாய்லாந்தின் அத்தயா தித்திக்குலும் சமமாக முடித்தார்கள். யார் வென்றவர் என்று தீர்க்க மேலதிகமாக ஒரு குழி ஆடுவது வழக்கம். அதிலும் சமமானால் இன்னொன்று. அவர்கள் ஒன்பது குழிகள் ஆடினார்கள். ஏற்கெனவே மழையும் இடியும் ஆட்டத்தைத் தாமதப்படுத்தியிருந்தன. பொழுது சாய்ந்துகொண்டே வந்தது. பெற்றோர் விட்டுவந்த நாட்டின் கொடியை ஏந்திய ஒரு பெண்ணுடன், பெற்றோர் வந்துசேர்ந்த நாட்டின் கொடியை ஏந்திய இந்தப் பெண் இருளும் நேரம்வரை சளையாமல் ஆடி, ஒன்பதாவது குழியிலே வென்றார். அவ்வருடத்தில் அது நான்காவது வெற்றி.

பிறகு 2024 வந்தது. பாரிஸ் ஒலிம்பிக். கொல்ப் நடந்த திடல் செலின் பிறந்த கிளமாருக்குத் தொலைவில் இல்லை. முதல் நாள் அறுபத்தைந்தடியில் முடித்து, மூன்றடி முன்னணியில் நின்றார். இரவு நான் நன்றாகத் தூங்கவில்லை என்பதைச் சொல்ல வெட்கப்படவில்லை. மறுநாள் எழுபத்தாறு. பதக்கம் கைக்கெட்டவில்லை. தங்கத்தை நியூசிலாந்தின் லிடியா கோ கொண்டுபோனார்.

என் சாட்சி தோற்றுவிட்ட செய்தி தம்பி வீட்டுக்கும் எட்டியது. சப்பாத்து அப்போதும் அலுமாரிக்கு மேலேயே இருந்தது. அடுத்த தடவை போனபோது பிள்ளை வாசலிலேயே என்னை மறித்தாள்.

"பெரியப்பா, தங்கம் எடுத்தவ எந்தக் கம்பசில படிச்சவ?"

கேட்ட விதத்திலிருந்தே அவளுக்கு விடை தெரியும் என்று விளங்கியது. லிடியா கோ பதினாறு வயதிலேயே தொழில்முறைக்குப் போனவர். நான் அழைத்த சாட்சியை அந்தப் பிள்ளை குறுக்கு விசாரணை செய்யத் தொடங்கிவிட்டாள். தகப்பனோ விறாந்தையில் இருந்தபடி பத்திரிகையைத் தாழ்த்தாமற் கேட்டுக்கொண்டிருந்தான்.

கோவும் பின்னர் கொரியாவிலுள்ள ஒரு சர்வகலாசாலையில் உளவியல் படிக்கப் பதிந்துகொண்டார் என்று சொன்னேன். பிள்ளை சற்று யோசித்தாள். "அப்ப ரெண்டு பேரும் படிச்சது ஒண்டுதான், ஆர் முதல் படிச்சது எண்டதுதான் வித்தியாசம்" என்றாள். உளவியலுக்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று விறாந்தையிலிருந்து ஒரு குரல் கேட்டது. அதைப் பற்றி நாங்கள் மூவரும் இரண்டு மணித்தியாலம் பேசினோம். தேத்தண்ணி இரண்டு முறை வந்தது.

சப்பாத்து இப்போது அலுமாரிக்கு மேல் இல்லை. செவ்வாயும் வெள்ளியும் பள்ளிக்கூடம் விட்டபின் ஒரு மணித்தியாலம் பயிற்சி. ஏழு மணிக்குப் புத்தகம். பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது பயிற்சியை நிறுத்துவது. இது தம்பியின் தீர்ப்பு. மூன்று மாதமா ஆறு வாரமா என்பதில் மாத்திரம் மேன்முறையீடு நடந்துகொண்டிருக்கின்றது.